எந்த வேண்டாம்?

போன வாரம் உட்லண்ட்ஸில் என் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். வேலையிலிருந்து வந்த மருமகள், தோள்பையைக்கூடக் கழற்றாமல் கெட்டிலைப் போட்டுவிட்டு, "அத்தை, டீ குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள். "வேணாம்மா" என்றேன். "ஓகே அத்தை" என்று கெட்டிலை அணைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள்.

எனக்கு டீ வேண்டும். மத்தியானத்திலிருந்தே வேண்டும்.

அவளைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. தங்கமான பெண். கேட்டாள், நான் பதில் சொன்னேன், பதிலை மதித்தாள். கோளாறு என் வாயில்தான். எண்பதைத் தாண்டிய பிறகும் அதற்கு முதல் தடவையிலேயே "சரி" என்று சொல்ல வரவில்லை. எங்களை அப்படி வளர்த்துவிட்டார்கள். யார் வீட்டுக்குப் போனாலும், எதைக் கொடுத்தாலும், முதலில் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அவர்கள் "அட, சும்மா சாப்பிடுங்க" என்பார்கள். அப்புறம் கொஞ்சம் நெளிந்துவிட்டு, "சரி, ஒரு வாய்" என்று வாங்கிக்கொள்ள வேண்டும். கேட்டவுடன் கை நீட்டினால், பாவம், வீட்டில் ஒன்றும் போடுவதில்லை போலிருக்கிறது என்று நினைத்துவிடுவார்களாம். எங்கேயாவது கிளம்பினால் வாசலிலேயே அம்மா கண்ணால் ஒரு மிரட்டு மிரட்டுவாள். அந்த மிரட்டலுக்கு இதுதான் அர்த்தம்.

கெட்டில் பாதியில் அணைந்தபோது "டக்" என்று ஒரு சத்தம் வந்தது. டெலிபோன் ஸ்விட்ச்போர்டில் ஒயரைப் பிடுங்கும்போது வருகிற அதே சத்தம். பார்த்தீர்களா, டீயிலிருந்து எங்கே போய்விட்டேன்.

ஐம்பதுகளின் கடைசியில், சிங்கப்பூர் கடற்கரை ஓரமாக இருந்த ஒரு கப்பல் கம்பெனியில் நான் டெலிபோன் ஆபரேட்டர். இப்போது அந்தக் கட்டடமும் இல்லை, அந்தக் கடற்கரையும் இல்லை. கடலையே தள்ளி வைத்துவிட்டார்கள். பஃபலோ ரோட்டில் ஒரு கடைவீட்டின் மாடியில் நாங்கள் குடியிருந்தோம். அப்பா துறைமுகத்தில் ஸ்டோர் கிராணி, கணக்கெழுதுகிற குமாஸ்தா. கீழே மாவு மில். என் ஒரே நல்ல சட்டையில்கூட மிளகாய் நெடி ஏறியிருக்கும். சீனியர் கேம்பிரிட்ஜ் பாஸ் பண்ணியிருந்தேன். பருவமழையைப் பற்றி இங்கிலீஷில் இரண்டு பக்கம் கட்டுரை எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். ஆனால் போனில் இருக்கிற மனிதரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்ல வேண்டும் என்றால் எப்படிச் சொல்வது? பள்ளிக்கூடத்தில் அது பாடத்திலேயே இல்லை. முதல் நாள் ஒருவரிடம், "வெயிட்!" என்றேன்.

பக்கத்து நாற்காலியில் இருந்த பிலோமினா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். பிலோ என் வயதுக்காரிதான், கான்வென்ட்டில் படித்தவள், ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் பாடுகிற தொண்டை.

"ஐயோ கேர்ள், வெயிட்டுன்னு நாய்க்குத்தான் சொல்லுவாங்க லா. 'வுட் யூ ஹோல்ட் த லைன், ப்ளீஸ்'னு சொல்லு. சொல்லும்போது கொஞ்சம் சிரி."

"சிரிச்சா அவருக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும். நீ சிரிச்சுப் பாரு."

சிரித்துப் பார்த்தேன். உண்மையிலேயே தெரிகிறது. அன்றிலிருந்து பிலோவுடன் டிபன் நேரமெல்லாம் இதே பேச்சுதான். அந்த இங்கிலீஷில் எதற்கும் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. "ஹவ் டூ யூ டூ" என்றால் நம் சேமத்தைச் சொல்லக் கூடாது. நாமும் "ஹவ் டூ யூ டூ" என்று திருப்பிக் கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும். இரண்டு பேரும் கேட்பார்கள், ஒருவரும் பதில் சொல்ல மாட்டார்கள். எனக்கு இது பெரிய அதிசயமாக இருந்தது. நம் ஊரில் சௌக்கியமா என்று கேட்டால் முழங்கால் வலியிலிருந்து மூத்த மகளின் பிரசவம்வரை சொல்லாமல் விடுவார்களா?

இதில் ஒருநாள் நானே ஒன்றைச் சொந்தமாகச் செய்தேன். எங்கள் பக்கம் காலையில் யாரைப் பார்த்தாலும் "பசியாறியாச்சா?" என்றுதான் கேட்போம். லிஃப்டில் மேனேஜர் துரை ஏறினார். ஸ்காட்லாந்துக்காரர், சிவந்த மீசை. சும்மா நிற்பது மரியாதையில்லை என்று தோன்ற, காலை உணவு சாப்பிட்டுவிட்டீர்களா சார் என்று அழகான இங்கிலீஷில் கேட்டுவிட்டேன். மனிதர் திடுக்கிட்டு மீசையைத் தடவிப் பார்த்தார். முட்டை ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. மூன்றாவது மாடிவரை தடவிக்கொண்டே வந்தார். பிலோவிடம் சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பில் லண்டன் போன்கால் ஒன்று அறுந்துபோனது.

அந்த துரையின் வீட்டில்தான் ஒருநாள் எங்களுக்குத் தேநீர் விருந்து நடந்தது. தங்லின் பக்கம், மேட்டின் மேல் பங்களா. கப்பல் கம்பெனிக்கு ஏதோ நல்ல வருடம், அதனால் சிப்பந்திகளுக்கு விருந்து. துரைசானி அம்மாள் தானே தட்டை எடுத்துக்கொண்டு வந்தார். வெள்ளரிக்காய் சான்ட்விச், முந்திரி போட்ட கேக், வெண்ணெய் தடவிய ஏதோ ஒன்று. வாசனையிலேயே எனக்கு வாயூறியது. விருந்துக்குப் போகிறோம் என்று மத்தியானம் சோறு சாப்பிடாமல் வந்திருந்தேன். "வுட் யூ கேர் ஃபார் சம் கேக்?" என்றார். "நோ, தேங்க் யூ" என்று பிலோ சொல்லிக்கொடுத்த உச்சரிப்போடு சொன்னேன். தட்டு போயே போய்விட்டது. நான் அதன் பின்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். சான்ட்விச் வந்தது, அதுவும் அப்படியே போனது. டீயும் போனது. கடைசியில் வெறும் கைக்குட்டையை மடியில் வைத்துக்கொண்டு, விருந்து நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

இதையெல்லாம் எதிர் நாற்காலியிலிருந்து ஒருவர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். தனபாலன், சரக்குப் பிரிவில் கிளார்க். சிறு வயதிலேயே தாய் தகப்பன் போய்விட, மிஷன் பள்ளி விடுதியில் வளர்ந்தவர். தமிழ் பேசுவார், ஆனால் பழக்கவழக்கமெல்லாம் விடுதிப் பாதிரியார்களுடையது. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பார். எதற்கும் "ஐ பெக் யுவர் பார்டன்" என்பார். எங்கள் ஆபீஸ் பெண்களுக்கு அவரைப் பார்த்தால் சிரிப்பு. எனக்கும் சிரிப்புதான், ஆனால் என் சிரிப்பு கொஞ்சம் வேறு மாதிரி என்று பிலோ சொல்வாள்.

மேட்டிலிருந்து இறங்கி பஸ்ஸுக்கு நின்றோம். தலையில் தட்டு வைத்துக்கொண்டு கச்சான் பூத்தே விற்கிறவர் வந்தார். நம் ஊர்க்காரர்தான், வறுத்த கடலை, பட்டாணி, முந்திரி எல்லாம் காகிதக் கூம்பில் போட்டுத் தருவார். தனபாலன் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாங்கினார், பிலோ கையில் ஒன்று, என் கையில் ஒன்று என்று வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டார். கடலை சுடச்சுட இருந்தது. அந்தச் சூட்டை இப்போது நினைத்தாலும் உள்ளங்கை அறிகிறது. பசித்திருக்கிறவளிடம் வேணுமா என்று கேட்காத மனிதர் ஒருவர் உலகத்தில் இருக்கிறார் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் அவருடைய எக்ஸ்டென்ஷனுக்கு லைன் கொடுக்கும்போது என் குரல் ஒரு மாதிரி ஆகிவிடும். அவரும் ஒன்றுமில்லாததற்கெல்லாம் ஆபரேட்டரைக் கூப்பிடுவார். மணி என்ன என்று கேட்பார். அவர் தலைக்கு மேலேயே கடிகாரம் இருந்தது.

ஒருநாள் ஸ்விட்ச்போர்டு அறை வாசலில் வந்து நின்றார். கதவுக்கு வெளியே, காலை உள்ளே வைக்காமல். சனிக்கிழமை டோபி காட் பக்கம் இருக்கிற குளுகுளு தியேட்டரில் படம், பிலோமினாவும் அவள் அண்ணனும் வருகிறார்கள், "வுட் யூ கேர் டு ஜாயின் அஸ்?" என்று இங்கிலீஷில் கேட்டார். முகமெல்லாம் வியர்வை. அந்த வாக்கியத்தை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார் என்று தெரிந்தது.

என் நெஞ்சு முழுக்க சரி, சரி என்று அடித்துக்கொண்டது. வாய், "நோ, தேங்க் யூ" என்றது.

"ஐ ஸீ. ஐயம் ஸாரி டு ஹேவ் ட்ரபிள்ட் யூ" என்று தலையைக் குனிந்து சொல்லிவிட்டுப் போனார். நான் அவர் திரும்பி வந்து இன்னொரு தடவை கேட்பார் என்று கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். போர்டில், லைனுக்குக் காத்திருக்கிறவர்களின் விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன.

"ஏன்டி நோ சொன்னே?" என்று பிலோ பாய்ந்தாள்.

"கேட்டதும் சரின்னா என்ன நினைப்பாரு?"

"படம் பாக்க ஆசைன்னு நினைப்பாரு லா. வேற என்ன நினைப்பாரு?"

"இன்னொரு தடவ கேப்பாருல்ல?"

பிலோ என்னை இரக்கமாகப் பார்த்தாள். "இங்கிலீஷ்ல ஒரு தடவைதான் கேப்பாங்க. நீ நோன்னா அது நோ. மறுபடி கேட்டா அவருக்கு மேனர்ஸ் இல்லன்னு ஆயிடும்."

அப்படியே ஆனது. மறுநாளிலிருந்து அவர் மணி கேட்கவில்லை. வரும்போதும் போகும்போதும் "குட் மார்னிங்", "குட் ஈவினிங்". அவ்வளவு சுத்தமான மரியாதை. அந்த மரியாதையில் நான் தினமும் ஒரு தடவை செத்தேன் என்று சொன்னால் மிகையாகத் தெரியும், ஆனால் அப்படித்தான் இருந்தது. நானாகப் போய், அன்றைக்கு நான் சொன்னது நிஜமான நோ இல்லை என்று சொல்லலாமே என்பீர்கள். அந்தக் காலத்துப் பெண் அப்படிச் சொல்வதற்கு இங்கிலீஷிலும் வாக்கியம் இல்லை, தமிழிலும் இல்லை. நான் பிலோவிடம் கேட்டுப் பார்த்தேன்.

இந்த நேரம் பார்த்து வீட்டில் கல்யாணப் பேச்சு வந்தது. ஜோகூரில் மளிகைக்கடை வைத்திருந்த ஒருவரின் மகன். நல்ல பையன் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மோசமான பையன் என்றால் தட்டிக்கழிக்கக் காரணம் கிடைக்கும். அப்பா என்னைக் கூப்பிட்டு, "தைப்பூசம் முடிஞ்சதும் பாக்க வராங்க. உனக்குச் சம்மதமாம்மா?" என்று கேட்டார். அந்தக் காலத்தில் மகளிடம் அதைக் கேட்டதே பெரிது.

"வேணாம்ப்பா" என்றேன். என் வாழ்க்கையில் முதல்முறையாக அந்த வார்த்தையை மனதாரச் சொன்னேன்.

அப்பா சிரித்தார். உள்ளே திரும்பி, "பாரு, பொண்ணுக்கு வெக்கம் வந்துட்டு" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை, நன்றாக வளர்த்திருக்கிறோம் என்று. கேசரி கிண்டப் போய்விட்டாள்.

என் நிலைமையைப் பாருங்கள். ஆபீஸில் பொய்யாகச் சொன்ன நோவை ஒருவர் நிஜமென்று எடுத்துக்கொண்டார். வீட்டில் நிஜமாகச் சொன்ன வேண்டாம் என்பதைப் பொய் என்று எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பக்கமும் என்மேல் அன்புள்ளவர்கள்தான். அன்றிரவு அந்தக் கேசரியைச் சாப்பிட முடியாமல் அழுதேன். அதையும் வெட்கம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

தைப்பூசம் வந்தது. சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து காவடிகள் கிளம்பி டாங்க் ரோடு முருகன் கோயிலுக்குப் போய்ச் சேரும். அம்மாவும் நானும் கூட்டத்தோடு நடந்தோம். சந்தனமும் விபூதியும் வியர்வையும் எலுமிச்சம்பழமும் கலந்த அந்த நாள் வாசனையைச் சொல்லி விளக்க முடியாது. தார் ரோடு காலில் சுட்டது. வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல்கள். டோபி காட் நெருங்கும்போது ஒரு பந்தலில் மோர் கொடுத்துக்கொண்டிருந்தவரைப் பார்த்து எனக்குக் கால் நின்றுவிட்டது. வேட்டியை மடித்துக்கட்டி, நெற்றியில் விபூதியோடு தனபாலன். அதுவரை அவரை டை இல்லாமல் நான் பார்த்ததில்லை. அவருடைய சித்தப்பா ஒருவர் அந்தப் பந்தலை நடத்துகிறவர்களில் ஒருவர் என்று பின்னால் தெரிந்தது.

அம்மா பக்கத்தில் யாரோ தெரிந்தவர்களைப் பார்த்துப் பேச நின்றுவிட்டாள். எனக்கு முன்னால் நின்ற அம்மாளிடம் அவர் குவளையை நீட்டினார். "வேணாம் தம்பி" என்றார் அந்த அம்மாள். பக்கத்திலிருந்த சித்தப்பா, "அட, குடிங்கம்மா" என்றார். அந்த அம்மாள் வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இன்னொன்றும் வாங்கிக்கொண்டார்.

அடுத்தது நான். குவளையை நீட்டினார். என்னைப் பார்த்ததும் அவர் கையிலிருந்த மோர் கொஞ்சம் தளும்பியது.

"வேணாங்க" என்றேன். வேறென்ன சொல்வேன்?

அவர் குவளையைப் பின்னால் எடுக்கவில்லை. என்னையே பார்த்தார். பிறகு மெதுவாக, தமிழில் பேசினார்.

"காலையிலேருந்து இங்க நிக்கிறேன். எல்லாருமே மொதல்ல வேணாம்னுதான் சொன்னாங்க. குடிக்காம ஒருத்தரும் போகல."

நான் குவளையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அன்னிக்கு ஆபீஸ்ல நீங்க சொன்னது... எந்த வேணாம்?"

பின்னால் ஆட்கள் நெருக்கினார்கள். ஒரு காவடி கடந்து போனது. எனக்கு எங்கே தைரியம் வந்தது என்று தெரியவில்லை. "ஜோகூர்லேருந்து அடுத்த வாரம் பொண்ணு பாக்க வராங்க" என்று மட்டும் சொன்னேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. காது சிவந்துவிட்டது. "அப்ப, எங்க சித்தப்பாவ உங்க அப்பாகிட்டப் பேசச் சொல்லட்டுமா?" என்றார்.

பழைய வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அம்மாவின் கண் மிரட்டல், நெளிவு, வளர்ப்பு எல்லாம் சேர்ந்து அதைத் தள்ளிக்கொண்டு வந்தன. நான் பல்லைக் கடித்தேன். தமிழை நம்பினால் கெட்டேன் என்று தோன்றியது.

"எஸ், ப்ளீஸ்" என்றேன்.

மோரை வாங்கிக் குடித்தேன். உப்பு கூடுதல். அவ்வளவு ருசியான மோரை அதற்கப்புறம் நான் குடித்ததில்லை.

"அந்தப் பையன்கிட்ட என்னடி இங்கிலீஷ்ல பேசினே?" என்று அம்மா வந்து கேட்டாள். "மோர் கேட்டேம்மா" என்றேன். அது பொய்யில்லை.

சித்தப்பா வந்து பேசினார். அப்பா என்னைக் கூப்பிட்டு, "இந்தப் பையன உனக்குச் சம்மதமா?" என்று கேட்டு முடிப்பதற்குள் "சம்மதம்ப்பா" என்றேன். அம்மா வாயில் கை வைத்தாள். அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். "அப்ப, ஜோகூருக்கு நீ வேணாம்னது நெசமாவே வேணாமா?" என்றார். பிறகு அவரே போய் ஜோகூர்க்காரர்களிடம் பேசி முடித்தார். என்ன சொன்னார் என்று கடைசிவரை சொல்லவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு தனபாலன் என்ற பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. இந்தக் கட்டுரைக்காகத்தான் எழுதியிருக்கிறேன். பந்தலில் கற்ற பாடத்தை அவர் விடவே இல்லை. எதையும் இரண்டு தடவை கேட்பார். டீ வேணுமா? வேணாம். டீ வேணுமா? சரி. தோ பாயோவில் புது வீடு கிடைத்து, எந்த அறைக்கு எந்த வண்ணம் என்பதுவரை இப்படியே போனது. விருந்தாளிகளையும் விட மாட்டார். உண்மையிலேயே வயிறு நிறைந்து வந்தவர்களும் எங்கள் வீட்டில் இரண்டாவது தடவைக்குத் தப்பியதில்லை. பிலோ ஆஸ்திரேலியா போகும்வரை இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். "உன் புருஷன் இப்ப உன்னவிடத் தமிழா ஆயிட்டாரு லா" என்பாள். ஒன்று மட்டும் வேடிக்கை. யாராவது அவரைக் கேட்டால், மிஷன் பள்ளிக்கூடத்துப் பதில்கள் போய், அவரும் என்னைப்போல முதலில் வேண்டாம் என்று சொல்லப் பழகிவிட்டார். அதனால் நானும் இரண்டு தடவை கேட்க வேண்டியதாகிவிட்டது.

கடைசியில் அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நர்ஸ் பெண் கஞ்சித் தட்டோடு வந்து, "அங்கிள், யூ வாண்ட் போரிட்ஜ்?" என்று கேட்பாள். "நோ, தேங்க் யூ" என்பார். தட்டை எடுத்துக்கொண்டு போக அவள் திரும்புவாள். "ஸிஸ்டர், ப்ளீஸ், ஆஸ்க் ஹிம் ஒன் மோர் டைம்" என்று நான் சொல்வேன். பெங்காலோ மணிலாவோ, எந்த ஊர்ப் பெண்ணோ, இந்தக் கிழவிக்கு என்ன வந்தது என்பதுபோல் பார்த்துவிட்டு, மறுபடி கேட்பாள். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டே, "எஸ், ப்ளீஸ்" என்பார். அந்த வார்த்தையை யாருக்காகச் சொல்கிறார் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. நானே ஊட்டுவேன். அப்படியே நாட்கள் போயின.

ஒரு காலையில் அவள் கேட்டாள். வேண்டாம் என்றார். நான் சொல்லாமலே இரண்டாவது தடவையும் கேட்டாள். நல்ல பெண், பழகிவிட்டாள். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு, இரண்டாவது தடவையும் "நோ, தேங்க் யூ" என்றார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

இப்போது தைப்பூசத்தன்று தண்ணீர்ப் பந்தல்களில் பானங்களை அட்டைப் பெட்டியில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். வேண்டியவர்கள் எடுத்துக்கொண்டு போகலாம். யாரும் யாரையும் கேட்பதில்லை, யாரும் வேண்டாம் என்று சொல்வதும் இல்லை. கச்சான் பூத்தேக்காரர்கள் போய்விட்டார்கள். ஸ்விட்ச்போர்டு எங்கேயாவது மியூசியத்தில் இருக்கும்.

அன்றைக்கு மருமகள் குளித்துவிட்டு வருவதற்குள் நான் எழுந்து சமையலறைக்குப் போனேன். கெட்டில் இன்னும் சூடாகத்தான் இருந்தது. அதன் முன்னால் நின்று, "டீ வேணுமா?" என்று எனக்கு நானே இரண்டாவது தடவை கேட்டுக்கொண்டேன். "சரி" என்றும் சொல்லிக்கொண்டேன். டீ நன்றாகத்தான் இருந்தது. கேட்ட குரல்தான் அவருடையதாக இல்லை.